அக்கா கழற்றிப் பூட்டிய பின்பிரேக்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவை நான் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பெரம்பலூர் மார்க்கெட்டில் அந்தப் பழைய பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கும் அவரைப் பலரும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வண்டியை அவர் ஏன் விற்கவில்லை என்பது உங்களில் அநேகருக்குத் தெரியாது.

அதை எழுதச் சொன்னவரும் அக்காதான். கடைசி நாட்களில் ஒருமுறை, “எனக்கு மலர் போடுவீங்கல்ல? நல்லவ, பொறுமசாலின்னு மட்டும் எழுதி வச்சிடாத. அந்த பிரேக் விஷயத்த எழுது. வண்டி வச்சிருக்கிறவங்க படிக்கட்டும்” என்றார். அவர் பேச்சைத் தட்ட முடியாமல் எழுதுகிறேன்.

வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். நான் அவருக்கு இளையவள். அம்மா களையெடுக்கப் போகும் நாட்களில் எனக்குத் தலை சீவி, சோறு போட்டு, பள்ளிக்கூடம் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டது அவர்தான். பத்தாவதோடு அவருடைய படிப்பு நின்றது. என் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார். பிறகு குரும்பலூரில் வாழ்க்கைப்பட்டார்.

மாமா சொந்தமாகப் பிக்கப் வண்டி ஓட்டியவர். அது அவரைவிட வயதில் மூத்த வண்டி. உருண்டை விளக்கும், கனத்த இரும்புத் தொட்டியும், ஏறினால் முனகுகிற சீட்டுமாக இருக்கும். சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் என்று எது விளைந்தாலும் அதில்தான் ஏறும். சோளம் அறுத்துப் போட்ட கொல்லையில் அக்காவை ஸ்டியரிங் பிடிக்க வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அக்காவின் மாமியாரை நாங்கள் இருவருமே அத்தை என்றுதான் அழைப்போம். “பொம்பளைக்கு எதுக்குடா இது?” என்று அத்தை வரப்பில் நின்று திட்டுவார். திட்டுகிறவரின் முகத்திலும் சிரிப்பு இருக்கும்.

அந்தச் சிரிப்பு ஒரு வெங்காய அறுவடையோடு போய்விட்டது. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்குப் போன மாமாவுக்கு ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பஸ்ஸுக்காகப் பெண்கள் நின்றிருந்தார்கள். மாமா வண்டியை இடதுபக்கம் ஒடித்து ஓடைக்கரையில் மோதினார். அந்தப் பெண்களில் ஒருவருக்கும் சிறு காயம்கூட இல்லை. அவர்கள்தாம் மாமாவைத் தூக்கி மடியில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாமாவின் உயிர் பிரிந்தது. அப்போது அக்காவின் மகள் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணையெல்லாம் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்தது. முகம் நசுங்கிய வண்டியைப் புளிய மரத்தடியில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினோம். அத்தை அந்தப் பக்கமே திரும்புவதில்லை. “எம் புள்ளய முழுங்கிட்டு வந்து நிக்கிது பாரு” என்று அழுவார். துக்கம் கேட்க வந்த சிலர், வந்தவள் ராசி சரியில்லை என்று அக்காவின் காதுபடவே பேசினார்கள். திருஷ்டி என்றார்கள், விதி என்றார்கள். பழைய இரும்பு எடுப்பவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் அக்கா முதன்முதலாக வாய் திறந்தார்.

“குடுக்க மாட்டேன். போயிட்டு வாங்கண்ணே.”

“என்னாத்துக்கும்மா இத வச்சிக்கிட்டு?” என்று அவர் கேட்டார்.

“பிரேக் புடிக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் புடிக்கலன்னு ஒருத்தரும் சொல்லல. எனக்குத் தெரியணும்.”

பெரம்பலூரில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரிடம்தான் மாமா வண்டி வேலை பார்ப்பது வழக்கம். அவரிடம் அக்கா போனார். நசுங்கிய முகப்பையும் முன்சக்கரங்களையும் பாய் தன் ஆட்களை வைத்துச் சரிசெய்து கொடுத்தார். பின்பிரேக்கை மட்டும் தானே கழற்ற வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். பாய் தன் கருவிப் பெட்டியை எடுத்து அவரிடம் கொடுத்தாராம்.

“செய்ங்க தங்கச்சி. ஒரு பக்கத்த கழட்டி முடிச்சிட்டு அடுத்த பக்கம் போங்க. ரெண்டையும் ஒண்ணா பிரிச்சிட்டா எந்த ஸ்பிரிங் எங்க மாட்டறதுன்னு கொழம்பிடும். உள்ள இருக்கிற தூசிய வாயால ஊதிடாதீங்க, நெஞ்சுக்கு ஆவாது. ஈரத்துணியால தொடைங்க. முடிச்சதும் நான் வந்து பாக்காம ரோட்டுல எறக்கக் கூடாது. இன்ஷா அல்லா, நல்லபடியா வரும்” என்றார்.

எனக்கு அரியலூரில் தையல் கடை. அதைப் பூட்டிவிட்டு அக்காவுக்குத் துணையாகக் குரும்பலூருக்குப் போனேன். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, அச்சுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கினோம். சக்கரம் கழன்றது. உள்ளே சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம் துருவேறிப் பிடித்துக்கொண்டு வரவில்லை. அக்கா சுற்றிலும் மெல்லத் தட்டித் தட்டி, கடைசியில் மடியில் வாங்குவதுபோல் அதை உருவி எடுத்தார்.

உள்ளே கரிச்சேறாக இருந்தது. அக்கா ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க விஷயம் வெளியே வந்தது. பிரேக் ஆயிலைத் தள்ளிக் கொடுக்கும் சிலிண்டரின் ரப்பர் வெடித்து, ஆயில் முழுக்க ஒழுகியிருந்தது. டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் தேய்ந்து ரிவிட்டு வெளியே தெரிந்தது. ஆயிலில் ஊறிப்போன லைனிங் எதைப் பிடிக்கும்? கைபிரேக்கும் அதே லைனிங்கைத்தான் நம்பியிருந்தது. அந்தக் காலத்து வண்டி என்பதால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதைதான் என்று பாய் பிறகு விளக்கினார். பின்னால் ஓரிடத்தில் ஒழுகிவிட்டால் முன்சக்கரமும் பிடிக்காது.

அக்கா அழவில்லை. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பாய் டிரம்மை லேத்தில் கடைந்து, லைனிங்கைத் தாங்கும் ஷூவில் புது லைனிங் அடித்துக் கொடுத்தார். புதுச் சிலிண்டர், புது ஸ்பிரிங், துருவேறிய பைப்புக்குப் பதிலாகப் புது பைப். இடதுபக்கம் பூட்டி முடித்து, வலதுபக்கமும் அதேபோல் பிரித்துப் பூட்டினார். ஸ்பிரிங் இழுத்து மாட்டும்போது இடுக்கி நழுவி அவர் புறங்கை கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

கடைசி வேலை பைப்பில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து, காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அக்கா கீழே போனார். நான் மாமாவின் சீட்டில் உட்கார்ந்தேன். முதல் மிதியிலேயே பெடல் தரைவரை தொளதொளவென்று போய் இடித்தது. மாமாவின் காலுக்குக் கடைசியாகத் தெரிந்தது இதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

“மிதி... வுடு... மிதி... இப்ப அமுக்கிப் புடி.”

அமுக்கினேன். நிப்பிளைத் திறந்தார். பெடல் இறங்கியது.

“வுடாத. புடிச்சிட்டே இரு” என்றார். நிப்பிளை இறுக்கும் சத்தம் வரவில்லை.

“என்னாக்கா?”

“அந்த வாரமே சொன்னாருடி, மிதி சரியில்ல, பின்பிரேக்க கழட்டிப் பாக்கணும்னு. வெங்காயம் கொல்லையில கெடந்திச்சு. வானம் மூட்டமா இருந்திச்சு. நாந்தான் சொன்னேன், மழ வந்தா அத்தனையும் அழுகிடும், இந்த லோட எறக்கிட்டு வந்து பாத்துக்கலாங்கன்னு. சரின்னுட்டு போனாரு.”

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். பெடலை அமுக்கியபடியே உட்கார்ந்து அழுதேன். கீழே அக்கா அழும் சத்தமும் கேட்டது. மாமா போனதிலிருந்து அவர் அப்படி அழுது நான் கேட்டதில்லை. வெகுநேரம் கழித்து நிப்பிளை இறுக்கிவிட்டு, “இப்ப வுடு” என்றார்.

இதை அத்தையிடம் சொல்லாமல் அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றார் அக்கா. நான் தடுத்தேன். மகனை இழந்த தாய் என்ன செய்வாரோ, குழந்தையோடு வெளியே போகச் சொன்னால் எங்கே போவார் என்று பயந்தேன். சாயங்காலம் அக்கா கை கழுவிவிட்டுப் போய் அத்தையின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அக்கா கையால் வைத்த சோற்றைத் தொடவில்லை. பக்கத்து வீட்டில் கஞ்சி வாங்கிக் குடித்தார். அக்கா துணிமணியை மடித்துப் பையில் வைத்தார். அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்துவிட்டார்.

கிளம்பும் நேரத்தில் அத்தை வந்து பையைப் பிடுங்கினார்.

“எங்கடி போற? நீ மட்டுமா சொன்ன? வாசல்ல நின்னு, மழ வருது, மசமசன்னு நிக்காம எடுடான்னு வெரட்டுனவ நானு. எம் புள்ளய நாந்தான் அனுப்பி வச்சேன். அத யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் அந்த வண்டியத் திட்டிக்கிட்டு கெடந்தேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறார்கள். அன்றுமுதல் அக்காவின் கடைசி நாள்வரை அவர்களை யாராலும் பிரிக்க முடியவில்லை.

பாய் வந்து பெடலை மிதித்துப் பார்த்தார். கல்லாக நின்றது. ஆளில்லாத கொல்லையில் திரும்பத் திரும்ப ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, “இனி போகலாம்” என்றார். முதல்முறையாக அக்கா ரோட்டில் இறக்கியபோது பக்கத்தில் அத்தை ஏறி உட்கார்ந்திருந்தார். மாமா போன அதே இறக்கத்தில், அதே இடத்தில், அக்கா பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. இருவரும் இறங்கி ஓடைக்கரையில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அதன்பின் அந்த வண்டிதான் அக்காவின் பிழைப்பு. வெங்காயமும் பருத்தியும் ஏற்றினார். அவசரத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தெருக்காரர்கள் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகக் கேட்டபோது, ஆட்களை ஏற்றுகிற வண்டி இல்லை என்று அவர்களை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, சமையல் பாத்திரங்களை மட்டும் கொண்டுபோய் இறக்கினார். மகளை என்ஜினியரிங் படிக்க வைத்தார். வீட்டுக்கு யார் வண்டியில் வந்தாலும் தண்ணீர் கொடுக்கும் முன்பே, “பிரேக் எப்ப பாத்தீங்க?” என்று கேட்பார். நம்மில் பலர் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர் ஏன் கேட்டார் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வயிற்றில் வந்த நோயைத் தெரிந்துகொண்டபோது அது முற்றியிருந்தது. திருச்சியில் வைத்தியம் பார்த்தோம். அரியலூரில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். அத்தையும் கூடவே வந்து இருந்தார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னபின், “என் வூட்டுக்குப் போவணும்” என்று கேட்டார். கார் பிடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மகள் பிக்கப்பைக் கொண்டுவந்தாள். அக்காவை என்மேல் சாய்த்துக்கொண்டேன். மகள் பூப்போல ஓட்டினாள். வழியில் ஓர் இறக்கம் வந்தபோது, கண்ணை மூடியிருந்த அக்காவின் வலது கால் தானாக அழுந்தியது. “நான் புடிச்சிட்டேம்மா, நீ வுடு” என்றாள் மகள். அக்கா காலைத் தளர்த்தினார்.

அதற்குப்பின் சில நாட்களே இருந்தார். ஒரு காலைப் பொழுதில், அத்தை பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கியது. “எனக்கு முன்னாடி போவ உனக்கு என்னாடி அவசரம்?” என்று கேட்டுக்கொண்டே அத்தை பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு வைத்தியம் செய்த மருத்துவர்கள், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், தங்கை என்று அழைத்து உடன்பிறந்தவராகவே நின்ற பாய், முறைபோட்டுக் கஞ்சி கொண்டுவந்த மார்க்கெட்டுப் பெண்கள், மாமாவின் கடைசி நேரத்தில் மடி கொடுத்தவர்கள், அக்காவின் இறுதிப் பயணத்தில் உடன் நடந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று வண்டியில் வந்திருப்பவர்கள் அக்காவுக்காக ஒருமுறை பிரேக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன வாரம் இந்த மலர் வேலையாகப் பெரம்பலூருக்கு பஸ்ஸில் போனேன். பின்னாலிருந்து ஒரு பெண், “அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்” என்றாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிய நேரமாயிற்று. அக்கா எங்கே என்று நான் பஸ் முழுக்கத் தேடிவிட்டேன்.

கண்ணீருடன்,
தங்கை