ஒரே லாரிச் சரக்கு

ரத்தினம் திருடவில்லை. வலைநூல் குறைந்ததற்குக் காரணம் நான். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, முகம் தெரியாத உங்களிடம் இப்போது சொல்கிறேன்...

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் மீன்வலைக்கு நூல் விற்கும் கடையொன்றில் நான் கணக்குப்பிள்ளை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். படித்தவன் எவனாவது வந்து என் இடத்தில் உட்கார்ந்துவிடுவானோ என்ற பயத்துடனேயே தினமும் பேனாவைத் திறந்தவன். ரத்தினம் குடோன் ஆள். சாவி அவனிடம், இருப்புப் புத்தகம் என்னிடம்.

எங்கள் ஊருக்குச் சரக்கு வரும் விதமே அப்படி. லாரி செக்போஸ்ட் தாண்டி வந்துவிடும், பில் பின்னால் தபாலில் வரும். அதற்குள் திருவேட்டக்குடி மீனவர்கள் நூலுக்காக வாசலில் நிற்பார்கள். புத்தகத்தில் வரவு ஏறாமல் ஒரு கட்டு நூல்கூட வெளியே போகக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ஆகவே செக்போஸ்ட் சீட்டில் அளவைப் பார்த்து, அடக்க விலையைக் குத்துமதிப்பாகப் போட்டு வரவு வைப்பேன். பில் வந்ததும் அந்த வரியை அடித்துவிட்டுச் சரியான விலையில் திரும்ப எழுத வேண்டும்.

ஒரு தடவை பழைய வரியை அடிக்க மறந்தேன். அவ்வளவுதான்... வந்தது ஒரு லாரி, புத்தகத்தில் இரண்டு.

வருடக் கடைசியில் இருப்பு எடுத்தோம்.

"ஏன் ரத்தினம், புத்தகத்துல இருக்கு, குடோன்ல இல்ல. நூலு தானா நீந்திப் போயிடுச்சா?" என்றார் முதலாளி.

கடையில் சிரித்தார்கள். முதலில் ரத்தினமும் சிரித்தான்.

"வந்தத எறக்குனேன், கடையில எழுதுன சீட்டுக்குக் குடுத்தேன். வேற ஒண்ணும் தெரியாதுங்க மொதலாளி."

"ஒன் மச்சானுக்குத் திருவேட்டக்குடியில படகு இருக்குல்ல?"

சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளி என் பக்கம் திரும்பினார். "செல்வராசு, இன்னொரு தடவ ஒழுங்காப் பாத்துரு. ஒருத்தன் மேல பழி போட்டா நான் அல்லாவுக்குப் பதில் சொல்லணும்."

பார்த்தேன். வரி வரியாகத் தேடினேன். ஒரே நூலுக்கு, அடுத்தடுத்த பக்கங்களில், இரண்டு அடக்க விலை. ஒன்று நான் குத்துமதிப்பாகப் போட்டது, மற்றது பில் விலை. இரண்டும் என் கையெழுத்து.

முதலாளி கொடியவர் அல்லர். சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அதோடு விட்டிருப்பார். அப்போதே எனக்கு அது தெரியும். பிறகு ஏன் சொல்லவில்லை? காலேஜ் முடித்த தன் தங்கை மகனைக் கணக்குக்கு வைக்கலாமா என்று அவர் பேசிக்கொண்டிருந்த சமயம் அது... இதைக் காரணமென்று சொல்ல எனக்கே கூசுகிறது.

"கணக்கு சரியா இருக்குங்க மொதலாளி" என்றேன்.

ரத்தினம் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். இல்லாத நூலை 'குடோன் குறைவு' என்று அவன் பெயரில் எழுதிக் கழித்தேன். புத்தகமும் குடோனும் ஒத்துப்போயின. என் தவறு அப்படித்தான் நேரானது! தங்கை மகன் பேச்சும் அடங்கிவிட்டது. என் கணக்கு அவ்வளவு சுத்தமாம்...

சில வருடங்கள் கழித்துக் கோவில்பத்து பஸ் நிறுத்தத்தில் அவனைக் கண்டேன். ஒரு வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று பின்வாங்கினேன்.

"நல்லா இருக்கீங்களா கணக்குப்புள்ள?" தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தான். "மச்சான் எங்கூடப் பேசறதில்லீங்க. படகுக்காரன் எம் பேரையும் சேத்துக் கெடுத்துட்டியேன்னு."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேங்க. எண்ணிக் குடுக்கறப்ப நாந்தான் எங்கயோ ஏமாந்துட்டேன் போல. ஒங்க கணக்கு தப்பாதுல்ல."

பஸ் வந்து நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்... ஒரு வார்த்தை போதும்.

"விடு ரத்தினம். மனுசன்னா தப்பு வர்றதுதான்" என்றேன்.

அவன் கண் கலங்கிக் கும்பிட்டான்.

அவனை மன்னித்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.