நிஸ்தாரிணிக்குக் கிடைத்த மீதி ஆயுள்

வங்காளத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில், காயஸ்தர் சாதி வீடொன்றின் மருமகள் நிஸ்தாரிணி. பாட்னாவில் குமாஸ்தாவாக இருந்த கணவன் காலராவில் போய்ச்சேர்ந்தான். படகில் வந்தது அவனுடைய பாதக்குறடு மட்டும். அதை மார்போடு அணைத்துச் சிதையேறச் சொன்னார்கள். இருபத்திரண்டு வயது, சரி என்றாள். ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து அவள் காலில் விழுந்தார்கள். குளித்து ஈரப் புடவையோடு கரையேறியபோது போலீஸ் தாணாக்காரர்கள் நின்றிருந்தார்கள். கும்பினி புதுச் சட்டம் போட்டிருக்கிறது, உதவி செய்தவனுக்கும் கொலைக் குற்றம்தான் என்றார்கள். முதலில் நழுவியவர் புரோகிதர்.

வீட்டில் அவளை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை.

"ஊரே உன் கால்ல விழுந்துச்சு. இப்ப நான் எந்த மூஞ்சியோட வெளிய போவேன்?" என்றாள் மாமியார்.

"எனக்கும் தெரியல அம்மா."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலையை மழித்தார்கள், ஒருவேளைச் சோறு, ஏகாதசியில் தண்ணீர்கூடக் கிடையாது. அப்படியும் முற்றத்துக்கும் குளத்துக்கும் காரணமில்லாமல் நடந்துகொண்டே இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, படித்துறையில் துவைக்கும் பெண்கள் குசுகுசுத்தார்கள். வாய்க்காலுக்கு அப்பால் மோக்ஷதா என்ற பெண்ணைத் தாணாவுக்குத் தெரியாமல் மதியமே எரிக்கப்போகிறார்களாம். நிஸ்தாரிணி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு இரண்டு குரோசம், நாலு மைல் தூரம், வெயிலில் ஓட்டமும் நடையுமாகத் தாணாவுக்குப் போனாள்.

தாணா அதிகாரி நம்பவில்லை. "அந்தப் பொண்ணே சம்மதிச்சிருப்பா. உனக்கென்னம்மா வந்துச்சு?"

"நானும்தான் சம்மதிச்சேன் ஐயா. எங்கிட்ட வேற எதையும் யாரும் கேக்கல."

அவர் எழுந்து ஆட்களோடும் அவளோடும் கிளம்பினார். எரிப்பது நின்றது.

மோக்ஷதா நன்றி சொல்லவில்லை. "நாளைக்கு எனக்கு யாரு சோறு போடுவா? நீ போடுவியா?" என்று சீறினாள். நிஸ்தாரிணி வீடு திரும்பினால், மைத்துனன் கதவைச் சாத்திவிட்டான். தாணா படியேறியவளுக்கு இங்கே இடமில்லையாம். அவள் திரும்பிப் போய் மோக்ஷதாவின் கையைப் பிடித்தாள். "வா. ரெண்டு பேருமா தேடுவோம்."

படகுத்துறைச் சந்தையில் ஒரு நெல் வியாபாரி வேலை கொடுத்தார். பதினோரு வருடம் இருவரும் காலால் மிதிக்கும் உலக்கையில் நெல் குத்தினார்கள். சண்டை ஓயவில்லை. மோக்ஷதா அவளை மன்னித்தாளா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தினமும் அவளுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். அப்போதும் இருப்புக் கொள்ளாமல் நிஸ்தாரிணி நின்றுகொண்டே சாப்பிட்டாள்.