என் நிறத்தில் ஒரு சடை

பிறந்ததிலிருந்து என் முடி கறுத்ததில்லை. உடம்பில் நிறம் ஊறாத பிறவி எனக்கு. தோல் வெள்ளை, இமை வெள்ளை, தலைமுடி காய்ந்த வைக்கோலின் மஞ்சள். பாளையங்கோட்டைத் தெருக்களில் வெள்ளைக்காரி என்று கூப்பிட்டவர்களை நான் திரும்பிப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிற இந்த வயதிலும் பார்ப்பதில்லை.

கல்யாணம் நிச்சயமானபோது நான் ஆசைப்பட்டது ஒரு சடைக்கு. என் முடி தோளைத் தாண்டி வளராது, நுனி ஒடிந்துவிடும். சவுரி வைத்து இடுப்புவரை பின்ன வேண்டும், அந்தச் சவுரி என் முடியின் நிறத்திலேயே இருக்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அழகு நிலையத்துக்குத் துணைக்கு வருகிறேன் என்று வந்தவர், கைப்பையிலிருந்து ஒரு கறுப்புச் சவுரியை எடுத்து மேசையில் போட்டார்.

“இதையே வச்சிரு. தலையையும் கறுப்பாக்கிரு,” என்று பார்லர்க்காரியிடம் சொன்னார். என்னிடம் இல்லை.

“தலை என்னோடது அத்தை,” என்றேன்.

“கோயில்ல நீ நிக்கப்போறது எம் மகன் பக்கத்துல.”

பார்லர்க்காரிக்கும் என்மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. சாயம் போடுவது சுலபம், காசும் சீக்கிரம் வந்துவிடும். “இந்த நிறத்துல சவுரி இங்கன கிடைக்காது. நல்ல முடியா வாங்கி வெளுக்கணும். வெளுக்கும்போது அறுந்து போச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது,” என்றாள்.

“கேக்க மாட்டேன். செய்யுங்க.”

முதலில் மாதிரிக்கு, கடையில் இருந்த முடியில் ஒரு கொத்தில் மட்டும் ப்ளீச் குழைத்துத் தடவிப் பார்த்தாள். அதன் நெடியில் மூவருக்கும் கண் எரிந்தது. கழுவி எடுத்தபோது அது துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

“தேங்கா நாரு மாதிரி இருக்கு. இதையா தொங்கவிட்டுட்டு வரப்போற?” என்றார் அத்தை.

“அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க. பேசிக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடல,” என்று பார்லர்க்காரி கதவைக் காட்டினாள். எனக்காகச் சொல்லவில்லை. அவள் வேலையைக் குறை சொன்னதுதான் அவளுக்குச் சுட்டது.

மறுபடியும் வெளுத்தாள். வாழைப்பழத் தோலின் உட்புற மஞ்சள் வந்ததும் நிறுத்தி, அந்த மஞ்சளைத் தணிக்க ஊதா நிற டோனரைப் பூசினாள். ஈரம் காய்ந்த பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப்போனாள். டியூப்லைட்டில் நிறம் தெரியாது, வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்றாள். வெயிலில் என்னால் கண் திறக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். ஒரு பைக் வேகம் குறைந்து, என்னைப் பார்த்துவிட்டுப் போனது சத்தத்திலேயே தெரிந்தது. அவள் கொத்தை என் முடி நுனியோடு சேர்த்துப் பிடித்து, “இன்னும் மஞ்ச நிக்குது,” என்று திரும்ப உள்ளே போனாள்.

அடுத்த முறை வாசலில் கொத்தை எடுப்பதாக நினைத்து என் சொந்த முடியைப் பிடித்து இழுத்தாள். உயிர் போகிற வலி. அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்த வலிதான். முழுச் சவுரியையும் அதே பக்குவத்தில் வெளுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். “ஒரு நாளைக்குத்தான. அம்மா சொல்லுதபடி இருந்துட்டா என்ன?”

“ஒரு நாளைக்கு நீங்க தலைக்கு மஞ்சச் சாயம் பூசிட்டு வாங்க. நானும் கறுப்புப் பூசுதேன்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

கல்யாணம் சர்ச்சில்; எங்கள் பேச்சில் அதுதான் கோயில். அன்று காலையில் அத்தை முக்காட்டுக்குத் தடித்த நெட்டு ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டாக மடித்து, சடை தெரியாதபடி என் தலையில் ஊசிகளால் குத்தினார். ஒரு ஊசி தோலில் ஏறியது. கோயில் வாசலில் காரைவிட்டு இறங்கியதும் நான் ஊசிகளைக் கழற்றி, நெட்டை ஒற்றையாக்கிப் போட்டுக்கொண்டு, சடையைத் தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டேன். நடந்துபோகையில் பெஞ்சுகளில் முணுமுணுப்பு ஓடியது. முன்வரிசையில் அத்தை பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மாப்பிள்ளை என் சடையைப் பார்த்தார். பிறகு போதகர் ஐயரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோ பெரிதாக மாட்டியிருந்தது. அதில் என் தலையும் சடையும் கரிக்கறுப்பு. புருவத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஸ்டுடியோவில் சொல்லி மாற்ற வைத்திருக்கிறார்.

“இது யாரு அத்தை?” என்று கேட்டேன்.

“எங்க வீட்டு மருமவ.”

“அப்ப அவளையே உக்கார வச்சு இலையப் போடுங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். என் கணவர் பின்னால் வரவில்லை. விருந்தை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தார். போட்டோ இன்னும் அங்கேதான் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மட்டும் அம்மாவைப் பார்க்கப் போகிறார். நான் போவதில்லை, அவரும் என்னைக் கூப்பிடுவதில்லை.