இட்லியை நிறுத்தினேன், மூச்சு முட்டியது

எனக்கு நுரையீரலில் பூஞ்சைக் காளான் ஒவ்வாமை. கள்ளக்குறிச்சி டாக்டர் மாத்திரையும், வாயால் உள்ளிழுக்கும் மருந்தும் கொடுத்திருந்தார். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டுக்கும் என் ரத்தம் எதிர்ப்புக் காட்டுகிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. என் கொழுந்தன் மனைவிக்கு அது போதாதா?

"புளிச்ச மாவு துன்னுக்கினே இருந்தா மூச்சு எப்டிக்கா வரும்? இட்லிய வுடு, மருந்தே வாணாம்" என்றாள்.

"உன் கல்லு இட்லிய துன்னவங்களே உசுரோட கீறாங்கடி" என்றேன்.

ஆனால் மாத்திரையால் முகம் உப்பிக்கொண்டே போனது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இட்லி, பழைய சோற்றோடு மருந்தையும் நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒருநாள், மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளக் கதிரை உதறிக் காயவைத்தேன். தூசி ஏறி மூச்சு அடைத்தது. உதடு நீலம் பாரித்த என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள்.

"பூஞ்சை ஒவ்வாமை இருக்கிறவங்களுக்கு பரிசோதனையில ஈஸ்டும் சேர்ந்து காட்டும்மா. அதுக்காக இட்லிதான் காரணம்னு ஆயிடுமா? மருந்தை நிறுத்தச் சொன்னது யாரு?" டாக்டர் எல்லார் எதிரிலும் கத்தினார். வாழ்நாளில் அப்படி யாரிடமும் நான் பேச்சு வாங்கியதில்லை.

இப்போது மருந்தை விடுவதில்லை. சந்தேகம் வந்தால் டாக்டரையே கேட்கிறேன். பூசணக் கதிர்ப் பக்கம் போவதேயில்லை.

நலம் விசாரிக்க வந்த கொழுந்தன் மனைவிக்கு நான்கு இட்லி வைத்தேன். "வாணாங்க்கா" என்றாள். தின்று முடிக்கும்வரை அவளை எழுந்திருக்க விடவில்லை.