தேக்கி வைத்த தண்ணீர்

சூரிய மின்தகடுகள் பதிப்பதற்காக வளைத்துப்போட்ட பாலைவெளியில் அவளுக்கு ஒரே வேலைதான். மண்ணைச் சமப்படுத்தும் இயந்திரம் வருமுன் ஆமை வளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஆமைகளை வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விடவேண்டும். ஆட்கள் அவளை ஆமையக்கா என்றார்கள். கேலிக்கு வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

ஆமையைக் கையால் தூக்கக் கூடாது. அடியில் தகரத் தட்டைச் செருகி, தரையோடு தரையாக இழுத்துப் போகவேண்டும். மழையில் குடித்த தண்ணீரை அது மூத்திரப்பையில் தேக்கி, அடுத்த மழை வரை அதை வைத்தே காலம் தள்ளுகிறது. தூக்கினால் பயந்துபோய் அத்தனையையும் விட்டுவிடும். கோடையில் அப்படி விட்ட ஆமை பிழைப்பது அரிது.

இது அவளுக்குச் சொன்னவுடனே விளங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை. ஆண்களுக்குத் திரும்பி நின்றால் போதும். பெண்கள் இரண்டே பேர், அவளும் அவள் நாத்தனாரும். விடிந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை இருவரும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.

"இங்க ஒரு எலி இருக்காம் அண்ணி, ஆயுசுக்கும் தண்ணியே குடிக்காதாம். விதையிலேருந்தே ஈரத்த எடுத்துக்குமாம்," என்றாள் நாத்தனார். "நம்ம மேனேஜருக்கு அதைத்தான் கட்டி வைக்கணும். செலவே வைக்காது."

"அவரு விதையையும் எண்ணித்தான் போடுவாரு."

பாலைவன உயிர்களைப் பார்த்து வியப்பவர்கள், அவை வெயிலை வென்றுவிட்டதாகப் பேசுகிறார்கள். அவை எதையும் வெல்லவில்லை. தேவையைக் குறைத்துக்கொண்டன. குறைத்துக்கொள்ள முடியாதவை செத்தன. அவற்றை யாரும் வியப்பதில்லை.

ஆமையக்காவின் உடம்பு குறைத்துக்கொள்ள மறுத்தது. காய்ச்சல் வந்தது, இடுப்பில் குத்தல் வந்தது, பிறகு மூத்திரத்தில் ரத்தம் வந்தது. ஒரு சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். "பகல்ல தண்ணி குடிக்கலேன்னா இன்னொண்ணும் போயிடும்மா."

மேனேஜரிடம் போய்க் கழிப்பறை கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "முதலாளியம்மா பாக்க வர்றாங்க. அவங்களுக்காக ஒண்ணு வரவழைக்கிறேன். வந்த காரியம் நல்லபடியா முடிஞ்சா அது இங்கேயே கிடக்கட்டும். போதுமா?"

முதலாளியம்மா வரும் நாளன்று காலையில், சொன்னபடியே நீல நிறப் பிளாஸ்டிக் கழிப்பறை ஒன்று லாரியிலிருந்து இறங்கியது. அதன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆமையக்கா பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"அம்மா கிளம்பினதும் சாவி தர்றேன்," என்றார் மேனேஜர்.

முதலாளியம்மா வெள்ளை உடையில் வந்தாள். தட்டில் இருந்த கிழட்டு ஆமையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அடடே! இதோட ஒரு போட்டோ எடுத்துக்கவா?"

"ஆமையக்கா, தூக்கிக் குடு," என்றார் மேனேஜர்.

"தூக்கக் கூடாதுங்களே சார்."

மேனேஜர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கழிப்பறை வேணுமா, வேணாமா?"

அவள் குனிந்தாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரந்தான், அடக்கிக்கோ என்று மனத்துக்குள் சொல்லியபடியே தூக்கி நீட்டினாள். ஆமையும் அடக்கிக்கொண்டுதான் இருந்தது. முதலாளியம்மா அதைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துச் சிரித்தபோது எல்லாம் போயிற்று. வெள்ளை உடை, செருப்பு, கால் எல்லாம் நனைந்தன.

ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலாளியம்மா ஆமையை மணலில் விட்டுவிட்டுக் காரில் ஏறினாள்; கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"ஏத்துங்கடா அதை வண்டியில," என்று மேனேஜர் கழிப்பறையைக் காட்டினார்.

"சார், சாவி..."

"என்ன சாவி? மானத்த வாங்கிட்டு சாவி கேக்குறியா?"

காலையில் குடித்த பாட்டில் தண்ணீர் அவள் அடிவயிற்றில் முட்டியது. நிற்க முடியவில்லை. கழிப்பறையை ஏற்றிவிட்டு நின்ற லாரியின் மறைவுக்கு ஓடினாள். நாத்தனார் தலைத்துணியை அவிழ்த்து ஒரு பக்கம் விரித்துப் பிடித்தாள். மறுபக்கத்தை லாரி மறைத்தது.

அவள் உட்கார்ந்த பிறகு என்ஜின் உறுமியது.

"அண்ணே, நில்லுங்க! ஆள் இருக்கு, நில்லுங்கண்ணே!" என்று நாத்தனார் கத்தினாள்.

லாரி நகர்ந்தது. அந்தப் பக்கத்தில்தான் ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஆமையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் அவர்களிடம் மிச்சம் இருந்தது.

பிறகு அவள் எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டு, ஆமையின் அடியில் தட்டைச் செருகினாள். வேலிக்கு அப்பால் இழுத்துப்போய், நாத்தனாரின் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தாள். ஆமை தலையை வெளியே நீட்டவே இல்லை. தினமும் ஊற்றிப் பார்த்தாள். கோடை முடியுமுன்னே அது செத்தது. வேலியோரமாகவே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

மறுநாள் காலை நாத்தனார் பாட்டிலை நீட்டினாள். "ஒரு வாயாவது குடிங்க அண்ணி. டாக்டர் சொன்னாருல்ல?"

ஆமையக்கா மூடியை இறுக்கித் திருகிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஆமைக்கு ஊத்தணும்," என்றாள்.

நாத்தனார் வேலியோரத்துப் புது மண்மேட்டைப் பார்த்தாள். தன் பாட்டிலையும் மூடி வைத்தாள்.