வாந்தி நின்ற வாரம்

பழைய துணிகளைத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்து மெஷினில் பல வருடமாக உட்கார்ந்து, யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்கு உடம்பு இளைத்தது என்பதை அவரவர் வீட்டாருக்கு முன்பே தெரிந்துகொண்டவள். பேண்ட் இடுப்பைப் பிரித்து அகலப்படுத்த வேண்டும், கோட்டின் கையைக் குறைக்க வேண்டும், போன ஜிப்பை மாற்ற வேண்டும். இதுதான் வேலை. புதுத்துணி கண்ணிலேயே படாது. வருவதெல்லாம் மனிதர்கள் போட்டு, வியர்த்து, புகைபிடித்து, சாப்பாட்டைச் சிந்திக்கொண்டவை. துவைத்துக் கொண்டு வாருங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அது பாட்டுக்கு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது மாதக் கர்ப்பிணிக்கு இதைவிடக் கொடுமையான வேலையைத் தேடிப் பிடிக்க முடியாது. கோட்டை விரித்தால் அக்குள் வாடை முகத்தில் அடிக்கும். வாயில் எச்சில் ஊறும். வயிறு சுருட்டிக்கொண்டு மேலே வரும். ஊசி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டுவிட்டுக் கடையின் பின்பக்கம் ஓடுவாள். முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்போது அந்த முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அதுதான் யாருக்கும் புரியவில்லை.

"வாந்தி எடுத்துட்டு பரிசு வாங்கின மாதிரி வர்றவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்பாள் பட்டன் அக்கா. பக்கத்து மெஷின்காரி. பட்டன் கட்டுவதில் கடையில் அவளை அடிக்க ஆள் இல்லை, வாயிலும் இல்லை.

"எடுத்தா நல்லா இருக்குக்கா" என்பாள் ஊசி. அதற்கு மேல் சொல்ல மாட்டாள்.

காரணம் போன வருடத்தில் இருந்தது. அப்போதும் பிள்ளை தங்கியது, அப்போதும் இதே வாந்தி. ஒருநாள் காலையில் எழுந்தாள், வயிறு அமைதியாக இருந்தது. பல் துலக்கினாள், குமட்டவில்லை. மாமியார் போனில், "அப்பாடா, விட்டுடுச்சா? இனிமே நல்லா சாப்பிடு கண்ணு" என்றார். பட்டன் அக்காவும் அதையேதான் சொன்னாள். ஊசியும் நம்பினாள். ஆசைப்பட்டதையெல்லாம் சாப்பிட்டாள், வேலை செய்துகொண்டே முணுமுணுவென்று பாடினாள். பிறகு ஸ்கேனுக்குப் போனபோது டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பேசவில்லை. துடிப்பு நின்று பல நாட்கள் ஆகிவிட்டதாம். கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாந்தி நின்ற சமயமாகத்தான் இருக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து சந்தோஷப்பட்ட அந்த நாட்களில் அவள் வயிற்றில் இருந்தது உயிரில்லாத பிள்ளை. அது போனதுகூடத் தெரியாமல் அவள் பாடிக்கொண்டிருந்தாள். தன்னை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

வாந்தி வருவதும் நிற்பதும் ஆளுக்கு ஆள் மாறும், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று டாக்டரம்மா அப்போதே படித்துப் படித்துச் சொன்னார். ஊசி தலையாட்டினாள். ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டாள்.

ஆகவே இந்த முறை அவளுக்கு உபாதைகள்தான் துணை. மார்பு கனத்து வலித்தால் சரி என்பாள். நெஞ்செரிந்தால் சரி. எழுந்ததும் தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அது அடங்கும் வரை ரசிப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே வாந்தி. அதை அவள் வயிற்றுக்குள்ளிருந்து வரும் குரலாகவே வைத்திருந்தாள். "வந்துட்டியா? இருக்கியா? சரி, சரி" என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி பேசுவாள்.

இதையெல்லாம் வீட்டுக்காரனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடுமோ என்று பயம்.

அவனோ மிக்ஸி, மின்விசிறி, வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். ஒரு இடத்தில் கரகரவென்று சத்தம் கேட்டால் திருகைத் தேடாமல் அவனால் உட்கார முடியாது. யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால்கூட அவர்கள் ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். அப்படிப்பட்டவனின் மனைவி தினமும் கண் முன்னால் உமட்டிக்கொண்டு கிடந்தால் சும்மா இருப்பானா? எழுந்ததும் கடிக்கத் தலையணைப் பக்கத்தில் பிஸ்கட் டப்பா வைத்தான். எலுமிச்சையை நறுக்கி முகரக் கொடுத்தான். இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டான். வீட்டில் எண்ணெய் காய்ச்சுவதையே நிறுத்தினான். வயிறு காலியாக இருந்தால்தான் குமட்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு என்று கெஞ்சினான். சொன்னதெல்லாம் சரியான யோசனைதான். ஊசி பிஸ்கட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்ப் பட்டன் அக்காவிடம் கொடுத்துவிடுவாள்.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். "குழந்தை நல்லாத்தான் இருக்கு. நீதான்மா நல்லா இல்ல. தண்ணிகூட தங்கலைன்னா அட்மிட் பண்ணித்தான் ஆகணும்" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கர்ப்பிணிகளுக்கு எப்போதும் கொடுப்பதுதான், ராத்திரி படுக்கும்முன் ஒன்று, தூக்கம் கொஞ்சம் கூட வரும், பயப்பட வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஊசி அந்த அட்டையை நூல்கண்டுகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"ஏன்மா? போட்டா நின்னுடும்னு சொல்றாங்களே" என்றான் அவன்.

"அதுக்குத்தான் வேண்டாம்ங்கறேன்."

"புரியல. கஷ்டப்படறது உனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"ஆமா, பிடிச்சிருக்கு. விடுங்களேன்."

அவன் விட்டுவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். படுக்கும்முன் பால் மட்டும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அது ஒன்றுதான் அவளுக்கு வயிற்றில் தங்கும். "என்னங்க, இப்படி இனிக்குது?" என்று ஒருநாள் கேட்டாள். "சக்கரை கொஞ்சம் கூடிப் போச்சு" என்றான்.

அந்த வாரத்தில் ஒரு காலை, ஊசி நன்றாகத் தூங்கி எழுந்தாள். பல் துலக்கி வாயைக் கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் உறைத்தது. குமட்டவில்லை. பிரஷ்ஷை நாக்கின் அடிவரை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது, அவ்வளவுதான்.

கடைக்குப் போனதும் திருத்த வந்த துணிக்குவியலில் கையை விட்டாள். வாடகைக்கார் ஓட்டும் ஒரு பெரியவரின் கோட் கிடந்தது. போன வாரம் அதன் பக்கத்தில்கூட அவளால் போக முடியவில்லை. இப்போது அதை எடுத்து, அக்குளை வெளிப்பக்கம் திருப்பி, மூக்கை வைத்து ஆழமாக இழுத்தாள். நாற்றம் தெரிந்தது. வயிறு அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். அதைப் போட்டுவிட்டு யாருடையதோ ஒரு பேண்டை எடுத்தாள்.

பட்டன் அக்கா கையில் பட்டனும் நூலுமாக எழுந்து வந்தாள். "என்னடி பண்ற? கருமம், கீழ போடு!"

"வரலக்கா."

"என்ன வரல?"

"வாந்தி வரல."

"அட, நல்லதுடி! எத்தனை நாளைக்குத்தான்..." என்று ஆரம்பித்தவள், ஊசியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் போன வருடம் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. "சும்மா மனசைப் போட்டு உழப்பிக்காத. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடு. நான் வேணா கூட வர்றேன்" என்றாள்.

ஊசி போகவில்லை. போனால் அந்தத் திரையும் அந்த மௌனமும் மறுபடி வரும். அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், அது வரட்டும் என்று இருந்துவிட்டாள். மறுநாளும் குமட்டவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முடிந்தது என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

போன முறை போல ஏமாறக் கூடாது என்பதில்தான் அவள் குறியாக இருந்தாள். இந்த முறை முதல் ஆளாகத் துக்கத்தில் உட்கார்ந்தாள். வயிற்றில் கை வைப்பதை நிறுத்தினாள். அதோடு பேசுவதை நிறுத்தினாள். தூக்கத்தில் கை தானாக அங்கே போனால் சட்டென்று எடுத்துவிடுவாள். கடையில் கோட்டுகள் அடைத்த பெரிய மூட்டையைத் தனியாகத் தூக்கித் தோளில் வைத்தபோது, "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு அறிவிருக்கா உனக்கு?" என்று பட்டன் அக்கா ஓடிவந்து பிடுங்கினாள். "இருந்தாத்தானேக்கா" என்றாள் ஊசி. பட்டன் அக்கா மூட்டையைத் தானே இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் கூத்து வேறு மாதிரி இருந்தது. மனைவி தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறாள். வைத்தால் சாப்பிடுகிறாள், வைக்காவிட்டால் கேட்கவில்லை, அதை அவன் கவனிக்கவில்லை. தட்டு காலியாவதை மட்டும் பார்த்தான். இருட்டில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தால் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டான். வேலைக்குக் கிளம்பும்போது விசிலடித்தான். அந்த விசிலைக் கேட்கும்போதெல்லாம் ஊசிக்கு அவன்மேல் பரிதாபமாக இருந்தது. பாவம், இவருக்கு எப்படிச் சொல்வது என்று தவித்தாள்.

விடுமுறை நாள் மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் ஒரு உடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உடைதான். போன மாதம் இடுப்பிலும் மார்பிலும் தையலைப் பிரித்து, நாலைந்து மாதத்துக்குத் தாங்கும்படி தாராளமாக விட்டிருந்தாள். இப்போது அதைப் பழைய அளவுக்கே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் மெஷின் பாஷை தெரிந்தவன், துணி பாஷை தெரியாதவன். ஆனாலும் எங்கோ இடித்தது. "இதைப் பெருசு பண்ணினதா சொன்னியே?"

"ஆமா."

"இப்போ சின்னதா பண்ற மாதிரி இருக்கு?"

"இனி பெருசு எதுக்கு?" என்றாள் அவள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு சொல்லிவிட்டாள். போன முறையும் இப்படித்தான் நின்றது, நின்ற பிறகுதான் தெரிந்தது, இந்த முறையும் நின்றுவிட்டது, நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று மெதுவாக, அவனுக்கு வலிக்காமல் சொன்னாள்.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "அய்யோ" என்றான். "இல்லம்மா. அது நான். நான்தான் நிறுத்தினேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"மாத்திரை. நீ சாப்பிட மாட்டேன்னியே. தினம் பால்ல பொடிபண்ணிக் கலந்தேன். நீ தேஞ்சுக்கிட்டே போனதைப் பார்க்க முடியல."

மனைவிக்கு நல்லது செய்கிறவர்களில் சிலருக்கு ஒரு கோளாறு உண்டு, அவளைக் கேட்க மாட்டார்கள். இவனுக்கும் அதுதான். ஆனால் ஊசிக்கு அப்போது கோபம் வரவில்லை. அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்து, அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவன் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து, பாதி காலியான அட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். அப்போதும் அவள், "இப்போதான் பிரிச்சு எடுத்திருப்பீங்க" என்றாள். ஒரு வாரம் துக்கத்தில் இருந்தவளுக்கு அதிலிருந்து எழுந்து வருவது அவ்வளவு சுலபமாக இல்லை.

மறுநாள் அவளைக் கட்டாயப்படுத்தித்தான் அழைத்துப்போனான். டாக்டரம்மாவிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அவர் அவனைத் திட்டியது வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு ஊசியைப் படுக்க வைத்து, வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்தினார். ஊசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அறை முழுக்க அந்தச் சத்தம் வந்தது. டக்டக் டக்டக்கென்று, ஓடுகிற குதிரையின் வேகத்தில். டாக்டரம்மா ஒலியைக் கூட்டி வைத்தார். "கேளும்மா. நல்லா கேளு. கை கால் எல்லாம் ஆட்டிக்கிட்டு ஜம்முனு இருக்கு."

அவன் கதவோரம் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊசி திரையைப் பார்த்தாள், அசையும் அந்தச் சின்ன உருவத்தைக் கண் கொட்டாமல் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

வெளியே நடைபாதையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவன் அவளை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டான். "தப்புதான். இனிமே உன்னைக் கேக்காம எதுவும் பண்ண மாட்டேன். ஆனா ஒண்ணும் ஆகலையே. நல்லா இருக்கே. சந்தோஷமா இருடா."

ஊசி கையை உருவிக்கொண்டாள்.

"மூட்டையத் தூக்கினேன்" என்றாள். "செத்ததை எதுக்குப் பாத்துக்கணும்னு தூக்கினேன். ராத்திரி என் கை அதுமேல பட்டப்போ எடுத்துட்டேன். சீக்கிரம் வெளிய போயிடுன்னுகூட ஒரு நாள் மனசுக்குள்ள சொன்னேன்."

"உனக்குத் தெரியாதேம்மா. அது..."

"அது உயிரோடதாங்க இருந்துச்சு" என்றாள் ஊசி. "ஒரு வாரமா நான்தான் அதுக்கு இல்லாமப் போயிட்டேன்."