சிங்கப்பூரில் என் மனைவிக்காகக் காத்திருந்த மாதம்

ஐயா, அம்மணி,

இதை வாசிக்க முன்வந்த உங்களுக்கு முதலில் ஒரு பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்தில், மாட்டுக் கொட்டகைகளுக்கு எதிரே, வண்டிக்காரர்களுக்குச் சோறு போட்டுவந்த ஓர் அக்காளின் வீட்டில் ஒரு மாதத்திற்கு எனக்கென்று ஒதுக்கப்பட்ட படுக்கை அது. என் உயரத்திற்கு அது ஒரு சாண் குறைவு. காலை நீட்டினால் பாதங்கள் வெளியே தொங்கும். மடக்கினால் முழங்கால் அடுத்த பலகைக்காரரின் விலாவில் இடிக்கும். நகரத்தில் டிராம் வண்டி புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம். நான் வடக்கே மூவார் என்னும் ஊரில் சாலை வேலை ஆபீஸ் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். பலமுறை விண்ணப்பித்து, சித்திரை மாதத்தில் முப்பது நாள் விடுப்புப் பெற்று வந்திருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும் என் மனைவியையும், நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட பின் பிறந்து அதுவரை நான் கண்டிராத என் மகளையும் அழைத்துக்கொண்டு, விடுப்பு முடியுமுன் மூவார் திரும்ப வேண்டும். வந்த காரியம் அது ஒன்றே.

சித்திரை என்றால் கோடை என்று என் மனம் பழக்கத்தால் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த ஊருக்குக் கோடையென்று தனியே ஒன்று கிடையாது. காலையில் வெந்தது, பிற்பகலில் மழை கொட்டியது, மழை நின்றதும் மறுபடி வெந்தது. துவைத்த வேட்டி உலரவில்லை. உலர்ந்ததென்று எடுத்தால் அதில் சாணத்தின் வாடை. கிணற்றடியில் குளிப்பதற்கு முறை உண்டு என்றார்கள். என் முறை வருமுன் மாடுகளின் முறை வந்துவிடும். எழுத்தறிவு எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்த்ததன்று. கடைகளில் பொட்டலம் கட்டிய தாள்களை விரித்து வைத்துக்கொண்டு நானாகப் பழகியது. அதனால் அதன்மேல் எனக்கு அளவுக்கு மிஞ்சிய மதிப்பு இருந்தது. எழுத்தறியாதவர் நடுவே அகப்பட்டுக்கொண்டோமே என்ற எரிச்சலும் இருந்தது. அக்காள் அதை முதல் வேளைச் சோற்றிலேயே கண்டுகொண்டார்.

“என்ன கிராணி ஐயா, குழம்பையே உத்துப் பாக்குறீங்க? அதுல என்ன எழுதியிருக்கு?” என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர்கள் சோறு சிதறச் சிரித்தார்கள். நான் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கப்பல் வந்தது. மஞ்சள் கொடி கட்டிக்கொண்டு வந்தது. உள்ளே வைசூரி என்றார்கள். பயணிகள் ஒருவரையும் கரையில் இறக்காமல், நம்மவர் கொரண்டைன் என்று சொல்லும் நோய்த் தடுப்புத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவியையும் குழந்தையையும் அழைத்துவந்தவர் அவளுடைய தாய்மாமன். அவருக்கே அம்மை கண்டு தனிக் கொட்டகையில் கிடத்தியிருக்கிறார்கள் என்ற செய்தி கப்பல்காரர் ஒருவர் வழியாக வந்தது. வேறு செய்தி இல்லை. பதினாறாம் நாள், நோயில்லாதவர்களை விடுவித்துப் படகுகளில் கரைக்கு அனுப்பினார்கள். துறைமுகப் படிக்கட்டில் காலைமுதல் நின்றேன். கடைசிப் படகும் காலியாயிற்று. அவள் வரவில்லை.

அன்றுமுதல் என் நாட்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலாயின. பித்தான் போட்ட கோட்டை அணிந்து, டிராமில் ஏறி, துறைமுகத்தை அடுத்து, கப்பலில் வந்தவர்களைப் பதிந்துவந்த அலுவலகத்திற்குப் போவேன். கூண்டு போன்ற சன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா ஒரு பெரிய புத்தகத்தைத் திறப்பார். என் பெயரைச் சொல்வேன். “அப்படியொரு புருஷனுக்கு மனைவி என்று எவளும் இதில் இல்லை” என்பார். இறந்தவர் பட்டியலைப் பார்க்கச் சொல்லி மன்றாடுவேன். அதிலும் இல்லை என்பார். உயிரோடிருப்பவர்களிலும் இல்லாமல் இறந்தவர்களிலும் இல்லாமல் ஒரு பெண்ணும் குழந்தையும் எங்கே போயிருக்க முடியும் என்று கேட்டால், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஆங்கிலத்திலும் தமிழிலும் விண்ணப்பங்கள் எழுதினேன். அவற்றின் நடையை நானே வியந்துகொண்டேன் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வந்தால் சந்துமுனையிலேயே ஒரு வண்டிக்காரர், “ஐயா இன்னிக்கும் தனி ஆளாத்தான் வர்றாரு அக்கா, ஒரு எலை போதும்!” என்று குரல் கொடுப்பார். அந்தச் சந்தினையும் அதன் ஈக்களையும் அந்த அக்காளின் உரத்த குரலையும் நான் மனமார வெறுத்தேன்.

இருபத்து நான்காம் நாள் நடுப்பகல். அக்காள் தேக்கா பசாரில் வாங்கிவந்த மீனை முற்றத்தில் அரிந்துகொண்டிருந்தார். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் தூணோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் தலை நிமிராமல் கேட்டார்:

“கிராணி ஐயா, அந்த ஆபீஸ்ல பொம்பளைங்கள எப்படிப் பதியுறாங்க?”

“புருஷன் பெயரைக் கேட்டு, அதன்கீழ் எழுதுவார்கள்.”

“யாரக் கேட்டு?”

“அந்தந்தப் பெண்ணைக் கேட்டுத்தான்.”

அரிவாள்மணையில் அவர் கை நின்றுவிட்டது. “அட பாவி மனுசா! அந்தப் பொண்ணு வாயத் தொறந்து உங்க பேரச் சொல்லுமா? எங்க வீட்டுக்காரர் பேர என் வாயால இந்தச் சந்துல எவனாவது கேட்டிருக்கானா? அவர மாடு முட்டிப் போட்டப்ப ஆஸ்பத்திரியில கேட்டாங்க, அப்பவும் நான் சொல்லல. பக்கத்துப் படுக்கைக்காரன் சொன்னான்.”

“கோட்டு மாட்டிட்டா இதெல்லாம் மறந்துபோகும் அக்கா” என்றார் ஒரு வண்டிக்காரர். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்காள் மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு என்னோடு புறப்பட்டார். குமாஸ்தாவிடம், புருஷன் பெயர் சொல்லாத பெண்கள் எங்கே என்று அக்காள்தான் கேட்டார். அதற்கென்று வேறொரு புத்தகம் இருந்தது! ஆதரவற்ற பெண்கள் ஐந்து பேர். அவர்களில் மூன்று வயதுப் பெண்குழந்தையுடன் ஒருத்தி. இரண்டு நாளில் நாகப்பட்டினம் திரும்பும் கப்பலில் அவர்களை ஏற்றி அனுப்ப உத்தரவாகியிருந்தது. மறுநாள் அவளைக் கரைக்கு அழைத்து வருவதாகவும், அவள் தன் வாயால் என் பெயரைச் சொன்னால் மட்டுமே என்னுடன் அனுப்ப முடியும் என்றும் சொன்னார்கள். பொய்யாக உரிமை கொண்டாடிப் பெண்களைக் கூட்டிப்போகிற ஆட்கள் இருந்தார்களாம். அந்த விதியில் நியாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் துறைமுகப் படிக்கட்டில் அவளைக் கண்டேன். மெலிந்து கறுத்திருந்தாள். குழந்தை என் மீசையைக் கண்டு அவள் சேலைக்குள் புகுந்துகொண்டது. அதிகாரி கேட்டதைத் துபாஷி தமிழில் கேட்டார்: “இவர் யார்?”

“எங்க வீட்டுக்காரர்.”

“பெயர்?”

அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அதிகாரி புத்தகத்தை மூடப் போனார். இருபத்தைந்து நாள் சேர்ந்த எரிச்சல் முழுவதும் என் தொண்டைக்கு வந்தது. மூன்றரை ஆண்டுக்குப் பின் என் மனைவியிடம் நான் பேசிய முதல் சொல்லை மறைக்காமல் எழுதுகிறேன். “சொல்லித் தொலையேன்!” என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அக்காள் என்னை ஒதுக்கிவிட்டு அவள் தோளில் கைவைத்து, “சொல்லிடு ஆத்தா. அவருக்கு ஒண்ணும் ஆகாது. வர்ற பாவம் என் தலையில விடியட்டும்” என்றார். அவள் என் பெயரைச் சொன்னாள். ஒரே முறை, எல்லோருக்கும் கேட்கும்படி, பிழையில்லாமல் சொன்னாள். பிறகு அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். துபாஷி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரிக்‌ஷாவில் வரும்போது அவள் ஒன்று மட்டும் கேட்டாள்: “இதுக்குத்தான் வரச் சொன்னீங்களா?” அக்காள் அன்று மாலை எங்களுக்கு மீன்குழம்பு போட்டார். நான் உற்றுப் பார்க்காமல் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. தாய்மாமன் பிழைத்து வந்து சேர்ந்தார். விடுப்பு முடியும் நாளில் மூவார் திரும்பினோம்.

பெயரைச் சொன்னதால் என் ஆயுள் குறைந்துவிட்டது என்று அவள் நம்பினாள். அதை ஈடு செய்ய வெள்ளிக்கிழமைதோறும் உண்ணாவிரதம் இருந்தாள். பேறுகாலத்திலும் விடவில்லை, காய்ச்சலிலும் விடவில்லை. நான் கோபித்தேன், கெஞ்சினேன், மூட நம்பிக்கை என்று பக்கம் பக்கமாக எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த வெள்ளியும் பட்டினி கிடந்தாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படி. அவள் போய் எட்டு ஆண்டுகளாகின்றன. நான் நல்ல திடத்துடன் இருக்கிறேன், பல்லும் பார்வையும் குறையவில்லை. இந்த ஆரோக்கியத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமே வருகிறது. அந்த அலுவலகத்தின்மேல் கொஞ்சம். அந்தப் படிக்கட்டில் நின்று கத்தியவன்மேல் மிகுதி.

என் மகள் அன்று நடந்ததை அறியாள். அவளுக்கும் அவள் மக்களுக்கும் இது தெரிய வேண்டும். ஆகையால், படித்து முடித்தபின் இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் பத்திரமாக எடுத்து வைக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.